சிலைக்குக் கீழேயும் கொஞ்சம் பாருங்கள்! – வாசகர் கேள்வி பதில்

சென்ற இதழில் ஒரு கேள்விக்குப் பதிலாகத் தூத்துக்குடி மாவட்டத்துக் கழுகுமலையைப் பற்றி நாலு வரிதான் எழுதினேன். வந்து குவிந்த கடிதங்களைப் பார்த்தால் இந்த இதழ் முழுக்க அந்த மலையிலேயே குடியிருக்க வேண்டியதுதான் போலிருக்கிறது. சரி, இருந்துவிட்டுப் போவோம். ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்தால் சேர்த்துவிட்டேன். பெயர் போட வேண்டாம் என்று சிலர் எழுதியிருந்ததால் எல்லோருக்குமே ஊர்ப் பெயர் மட்டும்.

வெட்டுவான் கோயில் சமணக் கோயிலா, சிவன் கோயிலா? ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். – வாசகர், கோவில்பட்டி

சிவன் கோயில்தான். விமானத்தை அண்ணாந்து பாருங்கள், தட்சிணாமூர்த்தி மிருதங்கம் வாசித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். உமையோடு சிவன், திருமால், பிரம்மா, சுற்றிலும் கும்மாளம் போடும் பூதகணங்கள் என்று சைவக் குடும்பமே அங்கே இருக்கிறது.

குழப்பம் எங்கே வருகிறது என்றால், ஒரே மலையில் மூன்று இடங்கள். அடிவாரத்தில் பாறையைக் குடைந்த கழுகாசலமூர்த்தி முருகன் கோயில், மேலே வெட்டுவான் கோயில், அப்புறம் அதே பாறைச் சரிவில் வேறொரு பக்கம் சமணர் சிற்பங்கள். வெட்டுவான் கோயிலும் சமணர் சிற்பங்களும் ஏறக்குறைய ஒரே காலம், கி.பி. 8ஆம் நூற்றாண்டுப் பாண்டியர் காலம். மலையைச் சுமார் 25 அடி ஆழத்துக்குச் சுற்றிலும் வெட்டி எடுத்து, நடுவில் விட்ட ஒற்றைப் பாறையை மேலிருந்து கீழாகச் செதுக்கிக்கொண்டே வந்திருக்கிறார்கள். சிகரம் முடிந்துவிட்டது, கீழ்ப்பகுதி முடியவில்லை, அப்படியே நிற்கிறது. ஆனால் பக்கத்துச் சரிவில் சமணர்கள் சிற்பம் சேர்ப்பது அதற்கப்புறமும் நிற்கவில்லை. இதுதான் எனக்கு வேடிக்கையாக இருக்கும். பெரிய வேலை பாதியில் நின்றுபோனது, சின்னச் சின்ன வேலையாகச் செய்தவர்கள் பாறையையே நிரப்பிவிட்டார்கள்.

இன்னொன்று. ‘தென்னகத்து எல்லோரா’ என்று பலகை எழுதியவர் யாரோ, அவர் மேல் எனக்குக் கொஞ்சம் வருத்தம் உண்டு. அந்தப் பட்டத்தால் வருகிறவர்கள் எல்லாரும் வெட்டுவான் கோயிலைப் படம் எடுத்துக்கொண்டு இறங்கிவிடுகிறார்கள். சமணர் பக்கம் எட்டிப் பார்க்க நேரமில்லை.

நாங்கள் எட்டிப் பார்த்தோம் ஐயா. உண்மையைச் சொன்னால், எல்லாச் சிலையும் ஒரே மாதிரி இருந்தது. சம்மணம் போட்டு உட்கார்ந்த உருவங்கள் வரிசை வரிசையாக. பிள்ளைகளுக்கு அலுத்துவிட்டது. எதைத்தான் பார்க்க வேண்டும்? – வாசகி, சாத்தூர்

ஒரே மாதிரி இருப்பதற்காகத்தான் அம்மா அவை செதுக்கப்பட்டவை. தீர்த்தங்கரர் என்பவர் ஆசை, கோபம், பெயர், உறவு எல்லாவற்றையும் விட்டுக் கரையேறியவர். ஒருவருக்கும் இன்னொருவருக்கும் முகத்தில் வித்தியாசம் காட்டினால் சிற்பி தத்துவத்தில் கோட்டை விட்டார் என்று அர்த்தம். பிற்காலத்தில்தான் ரிஷபருக்குக் காளை, மகாவீரருக்குச் சிங்கம், நேமிநாதருக்குச் சங்கு என்று பீடத்தில் அடையாளம் போடும் வழக்கம் பரவியது. கழுகுமலையில் அதைத் தேடாதீர்கள். பாம்புப் படம் விரித்திருந்தால் பார்சுவநாதர், தோளில் சடை விழுந்திருந்தால் ஆதிநாதர் (ரிஷபர்தான்) என்று சொல்லலாம். மற்றவர்களை ‘தீர்த்தங்கரர்’ என்று மட்டும் சொல்லிவிட்டு நகர்வதுதான் நேர்மை.

ஆனால் பிள்ளைகளோடு போனால் வரிசையில் உட்கார்ந்திருப்பவர்களிடம் ஆரம்பிக்காதீர்கள், கதை இருக்கும் இடத்தில் ஆரம்பியுங்கள். அப்படி மூன்று இடங்கள் அங்கே இருக்கின்றன.

முதலில் பார்சுவநாதர். நின்ற கோலம், தலைக்கு மேல் ஐந்து தலை நாகம். பல பிறவிப் பகையோடு கமடன் என்பவன் வந்து அவர் தவத்தைக் கலைக்கப் பார்க்கிறான். மேலே பாருங்கள், பெரிய பாறையைத் தூக்கி அவர் மேல் போட வருகிறான். அப்புறம் கீழே பாருங்கள், அதே ஆள் மண்டியிட்டுக் கும்பிட்டுக்கொண்டிருக்கிறான். ஒரே சட்டத்துக்குள் ஒரே ஆள் இரண்டு முறை, கதையின் தொடக்கமும் முடிவும். நடுவில் நிற்பவர் இரண்டையும் கவனித்ததாகவே தெரியவில்லை. தரணேந்திரன் என்ற நாக அரசன்தான் படத்தை விரித்துக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறான். பிள்ளைகளிடம் ‘அந்தக் கெட்டவன் எத்தனை தடவை வருகிறான், கண்டுபிடி’ என்று விட்டுவிடுங்கள். அலுப்பு போய்விடும்.

அடுத்து பாகுபலி. கால்களில் கொடி சுற்றியிருக்கும், இரண்டு பக்கமும் இரண்டு பெண்கள். அண்ணன் பரதனை வென்ற கையோடு நாட்டை வேண்டாம் என்று உதறிவிட்டுத் தவத்தில் நின்றவர், கொடி படர்கிற அளவுக்கு அசையாமல் நின்றும் ஞானம் வரவில்லை. காரணம், மனதின் ஓரத்தில் கொஞ்சம் அகங்காரம். தங்கைகள் பிராமியும் சுந்தரியும் வந்து ‘யானையை விட்டு இறங்கு’ என்று சொன்னார்களாம். அகங்காரம்தான் அந்த யானை. கர்நாடகத்துச் சரவணபெளகொளாவில் 57 அடி உயரத்தில் நிற்கிறாரே, அதே பாகுபலிதான். அந்தப் பெரிய சிலை கி.பி. 981 வாக்கில் எழுந்தது. கழுகுமலைக்காரர் அவருக்கு மூத்தவர், உருவத்தில் மட்டும் சின்னவர். அங்கே தனியாக நிற்கிறார், இங்கே தங்கைகளோடு நிற்கிறார். எனக்கு இதுதான் பிடித்தது.

மூன்றாவது அம்பிகை இயக்கி. (இயக்கி என்றால் தீர்த்தங்கரருக்குத் துணை நிற்கும் காவல் பெண் தெய்வம்.) இதற்காகவே ஒருமுறை மலை ஏறலாம், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். ஒரு பிராமணர் வீட்டில் திவசம். சமைத்து வைத்திருக்கிறார்கள். பிராமணர்கள் சாப்பிடுவதற்கு முன்னால் ஒரு சமண முனிவர் வாசலில் வந்து நிற்க, வீட்டு மருமகள் சோற்றை எடுத்து அவருக்குப் போட்டுவிடுகிறாள். புருஷன் சோமசர்மனுக்கு வந்ததே கோபம், இரண்டு பிள்ளைகளோடு வீட்டை விட்டுத் துரத்திவிட்டான். அவள் போன இடத்தில் வற்றிய குளம் நிரம்பியது, பட்ட மாமரம் காய்த்தது, பிள்ளைகள் பசியாறின. விஷயம் தெரிந்து புருஷன் தேடிக்கொண்டு வருகிறான், மன்னிப்புக் கேட்கத்தான் வருகிறான். ஆனால் அவளுக்கு அது தெரியாது, அடிக்க வருகிறான் என்று பயந்து உயிரை விட்டுவிடுகிறாள். விட்டவள் நேமிநாதரின் இயக்கியாகப் பிறக்கிறாள். அவன் செத்து அவளுக்கு வாகனமாக, சிங்கமாகப் பிறக்கிறான்.

இப்போது சிற்பத்தைப் பாருங்கள். நடுவில் இடுப்பை லேசாக ஒசித்து அவள் நிற்கிறாள், அலங்காரம் எல்லாம் உண்டு, முகத்தில் அவசரம் இல்லை. பக்கத்தில் பிள்ளைகள். இன்னொரு பக்கம் சிங்கம், சிங்கத்தை ஒட்டியே கையை உயர்த்தித் திகைத்துப்போய் நிற்கும் ஓர் ஆண். அந்த ஆளும் அந்தச் சிங்கமும் ஒருவர்தான்! துரத்தினவன், திகைத்தவன், சுமக்கிறவன் எல்லாம் ஒரே புருஷன். வீட்டுக்கார ஐயாவையும் அழைத்துக்கொண்டு போய்க் காட்டுங்கள்.

இத்தனை சிலையை எந்த ராஜா செதுக்கினார்? – கல்லூரி மாணவர், மதுரை

தம்பி, ராஜா என்று யாரும் செதுக்கவில்லை. கேள்வியிலேயே ‘ராஜா’ வந்துவிட்டது பாருங்கள், நம் பாடப் புத்தகங்கள் செய்த வேலை.

கழுகுமலையில் பாறைச் சரிவில் நூற்றுக்கும் மேற்பட்ட உருவங்கள். அவற்றின் கீழேயும் பக்கத்திலும் நூற்றை ஒட்டிய எண்ணிக்கையில் வட்டெழுத்து என்ற பழைய தமிழ் எழுத்து வடிவத்தில் கல்வெட்டுகள். பெரும்பாலானவை 8, 9ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. ராஜாக்கள் பெயரும் சில இடங்களில் உண்டு, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அதிகம் இருப்பவை ஒன்றிரண்டு வரிதான்: இன்ன ஊர் இன்னார் செய்வித்தது. படிக்கப் படிக்க யார் யார் வருகிறார்கள் என்று பாருங்கள். தச்சர், குயவர், கொல்லர், உழவர், ஊர்ப் பெரியவர், சமண ஆசிரியர், அவருடைய மாணவர், பெண் துறவிகள். அவரவர் கையில் இருந்ததற்கு ஏற்ப ஒருவர் பெரிய உருவம், ஒருவர் சாண் உயரத்தில் ஒரு சின்ன உருவம். செத்துப்போன உறவினர் நினைவாகச் செய்து வைத்தவையும் அதில் உண்டு. நம் கோயில்களில் குழல் விளக்கில் ‘உபயம்’ எழுதுகிறோமே, விளக்கே தெரியாத அளவுக்கு, அந்தப் பழக்கத்துக்கு 1,200 வயது என்று வைத்துக்கொள்ளுங்கள். என்ன, அவர்கள் சாமி முகத்தில் எழுதவில்லை, அடக்கமாகக் கீழே எழுதினார்கள்.

ஊர்ப் பெயர்களும் சுவாரஸ்யம்தான். கழுகுமலைக்கு அப்போது திருநெச்சுறம் என்று பெயர், மலைக்கு அரைமலை. கோட்டாறு, குறண்டி, திருச்சாரணம் என்று எங்கெங்கோ இருந்து ஆட்கள் வந்து இந்தப் பாறையில் பெயர் போட்டிருக்கிறார்கள். கோட்டாறு இன்றைய நாகர்கோவில், திருச்சாரணம் இன்றைய சிதறால், இரண்டும் குமரி மாவட்டம். குறண்டி விருதுநகர் மாவட்டத்தில், அங்கே பெரிய சமணப் பள்ளி ஒன்று இருந்தது. அந்தப் பள்ளி ஆசிரியர்களின் மாணவர்கள் மதுரைச் சமணர் மலையிலும் பெயர் போட்டிருக்கிறார்கள். பஸ் இல்லாத காலத்தில், நடந்தும் மாட்டு வண்டியிலும் வந்து, ஒரு சிற்பிக்குக் கூலி கொடுத்து, சாண் அளவு இடம் பிடித்து, ஓர் உருவம். யாத்திரைத் தலம் என்றால் இதுதானே?

நீங்கள் மதுரைக்காரர், கழுகுமலை வரை போக வேண்டாம். கீழக்குயில்குடிச் சமணர் மலையில் பேச்சிப்பள்ளம் இருக்கிறது, போய் வரிசையாக நிற்கும் உருவங்களுக்குக் கீழே பாருங்கள். ‘ஸ்ரீ அச்சணந்தி தாயார் குணமதியார் செய்வித்த திருமேனி’ என்று ஒன்று இருக்கும். அச்சணந்தி அந்தக் காலத்தில் மதுரையைச் சுற்றியுள்ள மலைகளில் எல்லாம் பெயர் பதித்த சமணத் துறவி, அரிட்டாபட்டியிலும் இருக்கிறார். மகன் வீட்டையும் உறவையும் விட்டுத் துறவியாகிவிட்டான். அம்மா வந்து ஒரு சிலை செய்து வைக்கிறாள், அதில் தன்னை ‘அச்சணந்தி தாயார்’ என்றே போட்டுக்கொள்கிறாள். மகன் துறந்தான், அவள் துறக்கவில்லை. ஒற்றை வரிதான். எனக்குத் தீர்த்தங்கரர் தலைக்கு மேல் இருக்கும் முக்குடையை விட, சாமரத்தை விட அந்த வரி மேல்தான் கண் போகிறது.

பெண் துறவிகள் என்று எழுதியிருக்கிறீர்கள். சமணத்தில் பெண்ணுக்கு மோட்சமே கிடையாது என்றல்லவா படித்திருக்கிறேன்? – ஆசிரியை, ஆரணி

படித்தது சரிதான். உடையையும் துறக்க வேண்டும் என்கிற திகம்பரர் பிரிவின் கொள்கைப்படி பெண் அந்தப் பிறவியிலேயே வீடுபேறு அடைய முடியாது. தமிழ்நாட்டுச் சமணமும் திகம்பரச் சமணம்தான். ஆனால் ஏட்டில் இருப்பது ஒன்று, ஊரில் நடப்பது ஒன்று என்பது எல்லா மதத்துக்கும் உண்டல்லவா?

கல்வெட்டுகளில் இவர்களைக் குரத்தி, குரத்தியார், குரத்தியடிகள் என்று மரியாதையோடு குறிக்கிறார்கள். குரவர் என்றால் ஆசிரியர், அவருக்குப் பெண்பால். (குன்றக் குறத்தியோடு குழப்பிக்கொள்ள வேண்டாம், அது வேறு.) வெறும் தவசிகளாக ஒதுங்கி இருந்தவர்கள் இல்லை. உங்கள் ஆரணிப் பக்கமே உதாரணம் சொல்கிறேன். வேடல் கல்வெட்டு, முதலாம் ஆதித்த சோழனின் 14ஆம் ஆட்சியாண்டு, 9ஆம் நூற்றாண்டின் கடைசி. அதில் கனகவீரக் குரத்தியார் என்ற அம்மையாருக்கு 500 மாணாக்கர்! அங்கே ஏதோ பிணக்கு வந்து, அவரையும் மாணாக்கரையும் பாதுகாத்துச் சோறு போடும் பொறுப்பை ஊரார் ஏற்றுக்கொள்கிறார்கள். ஆசிரியை நீங்கள், 500 பேரைக் கட்டி மேய்ப்பது என்றால் என்ன என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

இன்னொருவர் விளாப்பாக்கத்துப் பட்டினிக் குரத்தியடிகள். ஆற்காட்டுப் பக்கம் திருப்பான்மலை அரிஷ்டநேமியின் மாணவி. முதலாம் பராந்தகனின் 38ஆம் ஆண்டு, அதாவது கி.பி. 945 வாக்கில், கிணறு ஒன்று வெட்டி வைத்தார். அந்தக் கிணறும் இடமும் ‘பெண்பள்ளி’ ஆனதாகக் கல்வெட்டு சொல்கிறது. மோட்சம் இல்லை என்று சொன்னவர்கள் சொல்லிக்கொண்டிருக்க, அந்த அம்மா தண்ணீருக்கு வழி பண்ணிவிட்டார்.

சிதறால் மலையில் இருப்பது எங்கள் பகவதி. அதைப் போய்ச் சமணக் கோயில் என்று பலகை வைத்திருக்கிறார்களே, நியாயமா? – வாசகர், மார்த்தாண்டம்

கோபப்படாதீர்கள். உங்கள் பகவதியை யாரும் கொண்டுபோகவில்லை. கோயிலுக்குள் பகவதியோடு பார்சுவநாதரும் மகாவீரரும் தனித்தனிச் சந்நிதியில் இருப்பதை நீங்களே பார்த்திருப்பீர்கள். வெளியே பாறை முகப்பில் தீர்த்தங்கரர் வரிசை, அம்பிகை, பார்சுவநாதரின் இயக்கி பத்மாவதி. அந்த அம்பிகைக்கும் சிங்கம் உண்டு, பிள்ளைகள் உண்டு.

ஆய் மரபு மன்னன் விக்கிரமாதித்த வரகுணனின் 28ஆம் ஆண்டில் குணந்தாங்கிக் குரத்திகள் என்ற பெண் துறவி அங்கிருந்த பட்டாரியாருக்குப் பொன் நகை கொடுத்ததாகக் கல்வெட்டே இருக்கிறது. பட்டாரியார் என்றால் அம்மன், இயக்கி. 13ஆம் நூற்றாண்டு வாக்கில் அந்த இடம் பகவதி கோயிலாக மாறியது. கும்பிடுகிற கை மாறியது, நகை போட்ட அம்மன் அங்கேயேதான் இருக்கிறாள் என்று எடுத்துக்கொள்ளுங்களேன். அப்புறம், உங்கள் ஊர் திருச்சாரணத்துக் குரத்திகள்தான் கழுகுமலை வரை போய் அங்கே உருவம் செய்து வைத்தவர்கள். பலகையைப் பார்த்து முகம் சுளிக்க வேண்டாம், பெருமைப்படலாம்.

8,000 சமணரைக் கழுவேற்றியதால்தானே கழுகுமலை என்று பெயர்? – பலர் (சுமார் பாதிக் கடிதங்கள்!)

இல்லை. கழுகுக்கும் கழுவுக்கும் ஓசை ஒற்றுமை தவிர வேறு தொடர்பில்லை. ஊர்த் தலபுராணத்தில் சடாயுவின் அண்ணன் சம்பாதி அங்கே முருகனை வழிபட்டதாகக் கதை, பெயருக்கு அதைத்தான் காரணமாகச் சொல்கிறார்கள். 8,000 பேர் கதை மதுரைக்கு உரியது. வாதில் சமணரை வென்றதாகச் சொல்லப்படும் திருஞானசம்பந்தரும், அவர் பக்கம் வந்த பாண்டியன் நின்றசீர் நெடுமாறனும் 7ஆம் நூற்றாண்டு. அதை விரிவாகச் சொல்லும் சேக்கிழாரின் பெரியபுராணம் 12ஆம் நூற்றாண்டு. நடுவில் எவ்வளவு இடைவெளி என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

நான் சண்டையே நடக்கவில்லை என்று சொல்ல வரவில்லை. சம்பந்தர் பதிகங்களில் சமணர் வாங்கும் வசவைப் படித்தாலே உறவு எப்படி இருந்தது என்று தெரியும். என் வாதம் சின்னது: நெடுமாறன் காலத்தோடு பாண்டிய நாட்டில் சமணம் ஒழிந்தது என்கிறார்களே, அதற்குக் கல் ஒத்துக்கொள்ளவில்லை. கழுகுமலைச் சிற்பங்கள் அதற்கு நூறு வருடம் கழித்துத்தான் ஆரம்பிக்கின்றன. கீழக்குயில்குடியும் அப்படித்தான், மதுரையிலிருந்து கூப்பிடு தூரம். சித்தன்னவாசலில் 9ஆம் நூற்றாண்டில் ஸ்ரீமாறன் ஸ்ரீவல்லபன் காலத்தில் இளங்கௌதமன் என்ற மதுரை ஆசிரியர் அங்குள்ள சமணக் குடைவரையான அறிவர் கோயிலைப் புதுப்பிக்கிறார். எல்லாம் சைவ, வைணவப் பாண்டியர் ஆட்சியில். ஆளே இல்லாத மதத்துக்குக் குயவரும் கொல்லரும் காசு போட்டா சிலை வைத்தார்கள்?

எங்கள் ஊர்ப் பக்கம் வயல் ஓரத்தில் ஒரு சிலை. புத்தர் என்கிறார்கள் சிலர், சமணர் என்கிறார்கள் சிலர், முனியப்பன் என்கிறார்கள் பலர். எப்படிக் கண்டுபிடிப்பது? – வாசகர், சேலம்

சேலத்துக்காரர் இந்தக் கேள்வியைக் கேட்காவிட்டால்தான் ஆச்சரியம். உங்கள் ஊர்த் தலைவெட்டி முனியப்பன் வழக்கில் அது புத்தர் சிலைதான் என்று 2022இல் சென்னை உயர் நீதிமன்றமே சொல்லிவிட்டதே.

தலைக்கு மேல் பாருங்கள். ஒன்றின் மேல் ஒன்றாக மூன்று குடை இருந்தால் தீர்த்தங்கரர். அப்புறம் உடம்பைப் பாருங்கள். இடது தோளிலிருந்து மார்புக்குக் குறுக்கே துணியின் விளிம்பு கோடாகப் போனால் புத்தர். துணியே இல்லை என்றால் சமணர். தலை உச்சியில் தீச்சுடர் போல் ஒன்று கிளம்பினால் அதுவும் புத்தர். கை மடியில் ஒன்றின் மேல் ஒன்றாக இருப்பது இருவருக்கும் பொது, அதை வைத்து முடிவு கட்டாதீர்கள். காதுகள் இருவருக்குமே நீளம். கீழக்குயில்குடியில் நீளக் காதோடு உட்கார்ந்திருக்கும் தீர்த்தங்கரரைப் பார்த்து ஊர்க்காரர்கள் செட்டியார் என்று முடிவு பண்ணி, இடத்துக்கே செட்டிப்புடவு என்று பெயர் வைத்துவிட்டார்கள்!

உங்கள் ஊர்ச் சிலையைப் படம் எடுத்து மாவட்டத் தொல்லியல் அலுவலருக்கோ அருகில் உள்ள அரசு அருங்காட்சியகத்துக்கோ அனுப்புங்கள். முனியப்பனாகவே கும்பிடுகிறவர்களைத் தடுக்க வேண்டாம். அந்தக் கும்பிடால்தான் அது இத்தனை காலம் தப்பிப் பிழைத்திருக்கிறது.

வெட்டுவான் கோயிலை மகனும் கீழே இன்னொரு வேலையை அப்பாவும் செய்ததாகவும், பொறாமையில் அப்பா மகனைக் கொன்றதாகவும் சொல்கிறார்களே? – வாசகி, சங்கரன்கோவில்

பாதியில் நின்ற கட்டடம் எங்கே இருந்தாலும் நம் மக்கள் ஒரு சிற்பியைக் கொன்றுவிடுவார்கள். கதையாகக் கேளுங்கள், நன்றாக இருக்கிறது.

எனக்கு 68 வயது, மூட்டு வலி. ஏற முடியுமா? – வாசகர், திருநெல்வேலி

மலை ரொம்ப உயரம் இல்லை, பாறையிலேயே படி வெட்டியிருக்கிறது. மெதுவாக ஏறினால் முடியும், இறங்கும்போதுதான் முட்டி பேசும். துணைக்கு ஒருவரை வைத்துக்கொள்ளுங்கள். கோவில்பட்டியிலிருந்தும் சங்கரன்கோவிலிலிருந்தும் பஸ் உண்டு. உச்சி வெயிலில் மட்டும் வேண்டாம். கால் சுடும் என்பது ஒரு பக்கம், வெயில் நேர் மேலே நின்றால் புடைப்புச் சிற்பம் தட்டையாகத் தெரியும். சாய்ந்த வெளிச்சத்தில்தான் மூக்கும் கொடியும் கல்லை விட்டு எழுந்து வரும். தண்ணீர் கொண்டு போங்கள். சிற்பங்கள் பக்கத்திலேயே அய்யனார் கோயில் இருக்கிறது, நிழலில் உட்கார்ந்து இளைப்பாறிக்கொள்ளலாம். அய்யனாரும் சமண முனிவரும் பக்கத்து வீட்டுக்காரர்களாக அங்கே சண்டை சச்சரவு இல்லாமல்தான் இருக்கிறார்கள்.

கல்வெட்டு எழுத்து தெரியவே இல்லை. சாக்பீஸ் தூள் தடவினால் படம் நன்றாக விழுமாமே? – ‘ஊர் சுற்றும் இளைஞர்’, தூத்துக்குடி

தடவாதீர்கள் தம்பி. சாக்பீஸ், விபூதி, மைதா எதுவுமே வேண்டாம். எழுத்துப் பள்ளத்தில் தூள் போய் அடைந்துகொள்ளும், மழைக்குக் கரைந்து பாறையில் கறை பிடிக்கும், அடுத்து வருகிறவர் ஆணியால் சுரண்டிப் பார்ப்பார். எண்ணெயும் அப்படித்தான். தொல்லியல் துறையினர் ஈரத் தாளை ஒற்றி, தூரிகையால் தட்டி, மை தடவி மைப்படி எடுப்பார்கள், அதற்குப் பயிற்சியும் அனுமதியும் வேண்டும். நமக்கு ஒரு டார்ச் போதும். இருட்டத் தொடங்கும் நேரத்தில் வெளிச்சத்தைப் பாறையை ஒட்டிப் பக்கவாட்டில் பிடியுங்கள், நேராக அடிக்காமல். பகலில் தெரியாத எழுத்து நிழலோடு எழும்பும். போனில் அதே இடத்தில் நாலைந்து கோணத்தில் எடுத்துக்கொள்ளுங்கள்.

அதோடு இன்னொன்று, இது உங்களுக்கு மட்டும் இல்லை. 1,200 வருடத்துப் பெயருக்குப் பக்கத்தில் அம்புக்குறியோடு இதயம் வரைந்து இரண்டு பெயர் கிறுக்குகிறார்களே, அந்த ஜோடிகள் யாராவது இந்தப் பத்தியைப் படித்தால், தயவுசெய்து வேறு பாறை பார்க்கவும். அது பாதுகாக்கப்பட்ட சின்னம், பிடித்தால் வழக்கு.

தமிழ்நாட்டில் இப்போது சமணர் என்றால் சேட்டுகள்தானே? பழைய தமிழ்ச் சமணர் யாராவது மிச்சம் இருக்கிறார்களா? – வாசகர், கும்பகோணம்

இருக்கிறார்கள், உங்களையும் என்னையும் போலத் தமிழ் பேசிக்கொண்டு, பெயருக்குப் பின்னால் நயினார் என்று போட்டுக்கொண்டு. வந்தவாசி, ஆரணி, திண்டிவனம், செஞ்சிப் பக்கத்துக் கிராமங்களில் விசாரியுங்கள், உழவுத் தொழில் செய்யும் சமணக் குடும்பங்கள் உண்டு. மேல்சித்தாமூரில் அவர்களுடைய மடம் இருக்கிறது. பொழுது சாய்ந்தால் சாப்பிட மாட்டார்கள். வடக்கேயிருந்து வந்து கடை வைத்திருப்பவர்களில் பெரும்பாலோர் சுவேதாம்பரர், அதாவது துறவிகள் வெள்ளை உடை உடுத்தும் பிரிவு, இவர்கள் திகம்பரர்.

அந்தப் பக்கம் போனால் போளூர் அருகே திருமலையையும் பார்த்துவிட்டு வாருங்கள். ராஜராஜனின் அக்கா குந்தவை பெயரில் குந்தவை ஜினாலயம், மேலே பாறையில் 16 அடி உயர நேமிநாதர். கழுகுமலையில் சாண் கணக்கில் பார்த்த கண்ணுக்கு அது மலைப்பாக இருக்கும். முக்கியமாக, அங்கே பூசை நடக்கிறது.

அந்த வட்டெழுத்தைப் படிக்க எங்களைப் போன்ற சாதாரண ஆட்கள் கற்றுக்கொள்ள முடியுமா? – வாசகி, விருதுநகர்

தாராளமாக. தமிழ் தெரிந்தவருக்கு வட்டெழுத்து அந்நிய மொழி இல்லை, எழுத்து வடிவம்தான் வேறு. தமிழகத் தொல்லியல் துறை கல்வெட்டுப் படிப்பு நடத்துகிறது, தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் கல்வெட்டுக்கென்றே துறை இருக்கிறது. அவ்வளவு தூரம் போக முடியாது என்றால் கழுகுமலைக் கல்வெட்டுகளின் வாசகம் தென்னிந்தியக் கல்வெட்டுகள் 5ஆம் தொகுதியில் அச்சாகியிருக்கிறது, நல்ல நூலகங்களில் கிடைக்கும். அந்தப் பக்கங்களை மட்டும் நகல் எடுத்துக்கொண்டு மலைக்குப் போங்கள். முழுதாகப் படிக்க முயலாதீர்கள், ‘குரத்தி’ என்ற சொல் எங்கே வருகிறது என்று மட்டும் தேடுங்கள். க, ர, த மூன்று எழுத்தும் பிடிபட்டால் பாதி வேலை முடிந்தது. பிடிபடாத எழுத்தைப் படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள், அடுத்த இதழில் சேர்ந்து படிப்போம். மைதா தடவாமல்!